துடைத்து வைத்த மிதிவண்டி

பழம்பொருள்களில் படிந்த தடத்தை வாசித்துத் தரும் தடமனையின் காத்திருப்புக் கூடத்தில் அன்று காலையும் வழக்கமான கூட்டம்தான். ஆளுக்கொரு பழைய சைக்கிளோடு உட்கார்ந்திருந்தார்கள். கையுறை மாட்டாதவர்களை வாசற்காவலர் உள்ளே விடுவதில்லை. ‘துடைக்காதீர், எண்ணெய் போடாதீர், காற்றும் அடிக்காதீர்’ என்று சுவரில் எழுதியிருந்தது. எந்த வண்டியில் துரு அதிகமோ அந்த வண்டிக்காரரின் முகத்தில் அவ்வளவு பெருமை. கவுந்தப்பாடிக்காரர் ஒருவர், கைப்பிடியில் சிலந்தி கட்டிய வலை அறுந்துவிடக் கூடாதென்று வண்டியைக் கண்ணாடிப் பெட்டியோடு தூக்கி வந்திருந்தார்.

அத்தனை துருவுக்கும் நடுவே கிருத்திகாவின் வண்டி மட்டும் பளபளத்தது. பக்கத்தில் இருந்தவர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

“புதுசா பெயிண்ட் அடிச்சதுங்களா?”

இதைவிடக் கேவலமாக ஒருவரை அப்போது கேட்டுவிட முடியாது. “அய்யோ, இல்லீங்க. எங்க தாத்தா மில்லுக்கு ஓட்டிட்டுப் போன வண்டி, அப்புறம் எம் மக ஓட்டுனது. எல்லாம் அப்போ போட்டதேதானுங்க” என்று அவள் கணவர் நவநீதன் பதறினார். கிருத்திகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டிக்குக்கூட ஒரு மானம் இருக்கிறது என்று இந்த எழுபதாவது வயதில்தான் அவளுக்குத் தெரிய வந்தது.

எல்லாவற்றையும் சேமித்து வைத்திருந்த கணினி மேகக்கிடங்குகள் ஒரேயடியாக அழிந்தபோது உலகத்தின் ஒளிப்படங்களும் குரல்களும் அவற்றோடு போய்விட்டன. காகிதத்தில் படம் எடுத்து வைக்கிற பழக்கம் அதற்கு முன்பே ஒழிந்திருந்தது. அதனால் அதற்கு முன் இறந்தவர்களுக்கு முகமே இல்லாமல் போயிற்று. கிருத்திகாவின் மகள் தாரகையும் அப்படிப் போனவள்தான். பதினேழு நிறைவதற்குள் காய்ச்சலில் போனாள். மகளின் மூக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தால் இப்போதெல்லாம் கிருத்திகாவுக்குத் தன் அக்காவின் மூக்குதான் நினைவுக்கு வந்தது. அந்த வேதனையை யாரிடம் சொல்வது?

பொருள்கள் மறப்பதில்லை என்று கண்டுபிடித்தது பிறகுதான். தொட்டவரின் வியர்வையும் தோலும் படிந்து படிந்து ஒரு தடம் ஆகிறது. அதை வாசிப்பி என்ற கருவி திருப்பித் தரும். சீப்பை வாசித்தால் கை மட்டும் வரும். செருப்பை வாசித்தால் கால் மட்டும் வரும். உள்ளங்கை, இடுப்பு, பாதம் என்று முழு மனிதரும் படிகிற பொருள் சைக்கிள் ஒன்றுதான். பின் கேரியரில் ஒருவர் உட்கார்ந்தால், ஓட்டியவரின் முதுகும் மூச்சும் முன்னால் இருப்பது போலவே தெரியும். ஆனால் வாசிக்கிற ஒளி தடத்தை எரித்துவிடும். ஆகவே ஒரு வண்டி ஒருவருக்கு, ஒரே முறைதான். மூலநிலை கெடாத வண்டிகளை மக்கள் சாமி போலக் காத்ததற்கும், புதுப்பித்தவை பழைய இரும்புக்குப் போனதற்கும் இதுதான் காரணம்.

வாசிப்பாளர் நறுமுகை இளம்பெண். வண்டியைப் பார்த்ததும் அவள் நெற்றி சுருங்கியது.

“கழுவினீங்களாம்மா?”

“வருசா வருசம் ஆயுத பூசைக்குக் கழுவுவோம் கண்ணு. சீயக்காத் தண்ணி விட்டுத் தேச்சு, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வெச்சு. கழுவக் கூடாதுன்னு கேள்விப்பட்டதும் நிறுத்திட்டோம்.”

“அதுக்கு முன்னாடி எத்தனை வருசம் கழுவியிருப்பீங்க?”

“இருபது வருசத்துக்கு மேல இருக்கும்” என்றாள் கிருத்திகா. கழுவச் சொன்னது அவள்தான். ‘புள்ளையோட வண்டி, அழுக்கா நிக்கக் கூடாதுங்க’ என்று ஒவ்வொரு பூசைக்கும் கணவரை விரட்டியதும் அவள்தான்.

“அடியில ஏதாச்சும் மிஞ்சியிருக்கலாம், இல்லாமலும் போகலாம். வாசிச்சாத்தான் தெரியும்மா. வாசிச்சுட்டா வண்டி வெறும் வண்டிதான். யோசிச்சுச் சொல்லுங்க. யாரு உக்காரப் போறீங்க?”

“இவளே உக்காரட்டும்” என்றார் நவநீதன். “ஏம்புள்ள, நான் தாரகைக்கு ஓட்டப் பழக்கினவன். நீ ஒருநாளும் பின்னாடி ஏறினதில்லையே.”

உண்மைதான். ‘ஏறும்மா, கீழ போடமாட்டேன்’ என்று தாரகை எத்தனை தடவை கெஞ்சியிருப்பாள். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் கிருத்திகா நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தாள். அந்த நாளை வரவேயில்லை. இன்றைக்கு அவள் ஏறத்தான் வந்திருந்தாள்.

நவநீதன் வெளியே போய் உட்கார்ந்தார். கிருத்திகா கேரியரில் ஏறி, முதுகு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். அறை இருண்டது. நீல ஒளி வண்டியின் மேல் மெல்ல நகர்ந்தது.

முதுகு வரவில்லை. மூச்சும் வரவில்லை. கைகள்தான் வந்தன. மட்கார்டின் மேல் ஈரத்துணியை மெதுவாக இழுக்கிற கைகள். ஒவ்வொரு கம்பியாக விரல் விட்டுத் துடைக்கிற கைகள். இடது சுண்டுவிரல் மடங்காது. அது யாருடைய கை என்று அவளுக்குச் சொல்லவா வேண்டும்? அந்தக் கை பெடலுக்குப் போனது, சீட்டுக்குப் போனது, மணியருகே வந்ததும் வெகுநேரம் அசையாமல் பொத்திக்கொண்டு நின்றது. பிறகு மறுபடி துடைத்தது.

‘துடைச்சே எடுத்துட்டாரே, என் புள்ளைய முழுசா துடைச்சு எடுத்துட்டாரே’ என்று அவளுக்குள் எரிந்தது. துடைக்கச் சொன்னது யார் என்ற நினைப்பு அடுத்த கணமே வந்தது. வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். விளக்கு எரிந்தபோது நறுமுகை அவளைப் பார்க்காமல் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மன்னிச்சுக்குங்கம்மா. அவங்களோடது எதுவும் மிஞ்சலை.”

“இத வெளிய இருக்கறவர்கிட்டச் சொல்லாத கண்ணு. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். நவநீதன் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். இத்தனை வருடத்தில் அந்த முகத்தில் அப்படியொரு ஆவலை அவள் பார்த்ததில்லை.

“வந்தாளா?”

“வந்தா.”

“நல்லாயிருந்தாளா? உன்னைய ஏத்திக்கிட்டு ஓட்டுனாளா?”

“ஓட்டுனாளுங்க.”

“எப்படி ஓட்டுனா? சொல்லு புள்ள, எல்லாத்தையும் சொல்லு.”

சொல்வதற்கு அவளிடம் என்ன இருந்தது? சற்று முன் உணர்ந்ததைத்தான் சொன்னாள். “மெல்லமா ஓட்டுனாளுங்க. அவசரமே இல்லை. அந்த மணிகிட்ட மட்டும் கையப் பொத்தி வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் இருந்தா. அப்புறம் மறுபடியும்...”

நவநீதனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது. அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார்.

“அவ என்னைக்கு மெல்லமா ஓட்டினா?” என்றார்.

கிருத்திகா வண்டிக்கு ஸ்டாண்டு போட்டாள்.

“மணியைப் பொத்திக்கறது நானு புள்ள. தொடைக்கறப்ப அடிச்சிரப் போகுதேன்னு கையால மூடிக்குவேன். அந்தச் சத்தம் உள்ள கேட்டா நீ அவதான் வந்துட்டாளாக்கும்னு வாசலுக்கு ஓடியாந்துருவியேன்னு.”