சுருட்டைக்குக் கோபம் வரவில்லை

நான்கு முறை முயன்று பார்த்தாகிவிட்டது. சுருட்டைக்குக் கோபமே வரவில்லை.

திரைப்படங்கள் பேசத் தொடங்காத காலம் அது. பம்பரத்தின் மாமா அந்தப் பேசாத படங்களில் நடிப்பவர். விழுவதில் கெட்டிக்காரர். ஏணியிலிருந்து விழுவார், வண்டியிலிருந்து விழுவார், ஒன்றுமே இல்லாத வெறும் தரையிலும் விழுவார். அவர் கிழித்துக்கொண்டு வரும் உடைகளைத் தைப்பது பம்பரத்தின் அம்மா.

பம்பரத்துக்குப் பத்து வயது. ஓரிடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

அன்று எடுக்க வேண்டியது காதல் காட்சி. மாமா ஒரு ரோஜாப்பூவோடு மாடி ஜன்னலுக்குக் கீழே வருவார். நாய் ஒன்று அவரைத் துரத்தும். அவர் தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகுப்புற விழுவார். ஜன்னலில் நிற்கும் கதாநாயகி விழுந்து விழுந்து சிரித்து, அவருக்கே மனத்தைக் கொடுத்துவிடுவாள்.

ஆனால் சுருட்டை, மாமா குட்டியிலிருந்து வளர்த்த நாய். அவரைக் கண்டதும் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. நான்காவது முறை அவர் மூக்கை நக்கியது.

"வெயில் போகுது. நாளைக்கு இந்தத் தெருவை நமக்குத் தரமாட்டாங்க" என்றார் டைரக்டர். தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

கேமராக்காரர் நிமிடத்துக்கு ஒரு தரம் வானத்தைப் பார்த்தார். எதிர்வீட்டு நிழல் தெருவின் பாதிவரை வந்துவிட்டது. பம்பரம் படியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், நிழலைக் காலால் அளந்தாள்.

"ஒரு குச்சி கொண்டாங்க. ரெண்டு போட்டா கோபம் தானா வரும்" என்றார் டைரக்டர்.

மாமாவின் முகம் சுருங்கியது. "வேண்டாம் சார். இன்னொரு தடவை பாக்குறேன்."

"பாத்தது போதும்பா."

யாரோ வேலியிலிருந்து குச்சி ஒடிக்கும் சத்தம் கேட்டது. பம்பரம் ஓடிப்போய்ச் சுருட்டைக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"சார், படத்துல சத்தம் கேக்காதுல்ல?"

"கேக்காது. தள்ளி நில்லு."

"அப்போ அது கோபத்துல கத்துதா, ஆசையில கத்துதான்னு பாக்குறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

டைரக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு கேமராக்காரரைப் பார்த்தார்.

"வால் காட்டிக் கொடுத்துடும், பாப்பா" என்றார் கேமராக்காரர்.

"நேர் எதிர்ல நின்னு எடுங்கண்ணா. மூஞ்சிதான் தெரியும், வால் தெரியாது." பம்பரம் மூச்சுவிடாமல் தொடர்ந்தாள். "அது கடிச்சு விளையாடுற பழைய சாக்ஸை எடுத்துக்கிட்டு ஓடினா, தெருவே அதிர்ற மாதிரி கத்திக்கிட்டுப் பின்னாடியே வரும். வீட்டுல தினமும் இதே விளையாட்டுதான். சாக்ஸ் அம்மா கூடையில இருக்கு."

அம்மா கூடையைத் துழாவி, கந்தலான சாக்ஸை எடுத்து மாமாவின் பின்பக்கப் பையில் செருகினாள்.

"கிழிச்சா நான்தான் தைக்கணும்" என்று முணுமுணுத்தாள்.

கேமரா தொட்டிக்கு அருகே போனது. கேமராக்காரர் அதன் கைப்பிடியைச் சுழற்றத் தொடங்கினார்.

மாமா பூவோடு வந்தார். சுருட்டைக்கு முதுகைக் காட்டி நின்று, பையில் தொங்கிய சாக்ஸை ஆட்டிக் காட்டினார். பிறகு ஓட்டம் பிடித்தார்.

சுருட்டை புறப்பட்டது. காதுகள் பறக்க, பற்கள் பளபளக்க, ஒரே பாய்ச்சல். மாமாவின் கால்சட்டை டர்ரென்று கிழிந்தது. அவர் தொட்டிக்குள் விழுந்தார். யாரும் சொல்லாமலே சுருட்டையும் உள்ளே குதித்தது. இரண்டு தலைகளும் ஒன்றாக மேலே வந்தன. ஒன்றின் வாயில் ரோஜா, இன்னொன்றின் வாயில் சாக்ஸ்.

ஜன்னலில் இருந்த கதாநாயகி நடிக்கவே இல்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். கேமராக்காரரின் தோள் குலுங்கியது, கை மட்டும் நிற்கவில்லை.

நிழல் தொட்டியைத் தொட்டபோது டைரக்டர் தொப்பியைக் கழற்றி, அதைப் பம்பரத்தின் தலையில் வைத்தார். குச்சியைத் தேடி எடுத்து, தானே வேலிக்கு அப்பால் எறிந்தார்.

இரண்டு மாதம் கழித்துக் கொட்டகையில் படம் ஓடியது. சுருட்டை பாய்ந்து வந்தபோது பக்கத்து இருக்கை அம்மாள் பம்பரத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு பொல்லாத நாய், பாரேன். எப்படிக் குரைக்குது."

"குரைக்கல, அத்தை" என்றாள் பம்பரம். "'நானும் வரேன், நானும் வரேன்'னு சொல்லுது. உங்களுக்குக் கேக்கல, அவ்வளவுதான்."