குழவி இல்லாத அம்மி

அடுப்படியில் அம்மி இருந்தது, குழவியைக் காணவில்லை. அந்த வீட்டில் சுப்பம்மாவை முதலில் உறுத்தியது அதுதான்.

கோலா சுங்கை பாருவுக்குப் போகும் சாலையில், பால்மரக் காட்டை ஒட்டித் தனியே நின்ற வீடு. ரப்பர் நல்ல விலைக்குப் போன காலத்தில் தம்புசாமி கங்காணி ஆசை ஆசையாகக் கட்டியது. வைரம் பாய்ந்த தூண்கள், சிவப்பு ஓடு, வாசல் நிலையில் செதுக்கிய மயில். இப்போது விலை விழுந்து, தோட்டம் மூடி, கூலிகள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. போக்கிடம் இல்லாதவர்களை ஊருக்கே திருப்பிக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சுப்பம்மாவின் மகன் வீரப்பன் இன்னும் தலை நிற்காத பிள்ளை, கப்பலைத் தாங்கமாட்டான். அதனால்தான், வீட்டை வாங்கிப் போட்டிருந்த சீனக் கடை முதலாளியான தவுக்கே சும்மா குடியிருந்து பார்த்துக்கொள்ளச் சொன்னபோது, அவள் புருஷன் பெரியதம்பி மறுபேச்சுப் பேசவில்லை.

"அம்மிய விட்டுட்டுக் குழவிய மட்டும் எவன் தூக்கிட்டுப் போவான்?" என்றாள் சுப்பம்மா.

"கங்காணி ஊருக்குப் போறப்ப மடியில கட்டிட்டுப் போயிருப்பாரு லா. கப்பல்ல சட்னி அரைக்க வேணாமா?" என்று சிரித்துவிட்டு, அவன் தவுக்கே கடைக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான்.

பிள்ளையை முன்கூடத்துப் பாயில் கிடத்திவிட்டு, அவள் உள்ளறையைப் பெருக்கப் போனாள். பூட்டிக் கிடந்த வீட்டு மரத்தின் புளித்த வாடைக்குள் விளக்கெண்ணெய் மணம் மெல்லியதாக ஓடியது. விட்டத்திலிருந்து பழஞ்சேலைத் தொட்டில் ஒன்று தொங்கிற்று. அது கட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்தில், கயிறு உரசி உரசி மரத்தைத் தின்ற தடங்கள் வரிசையாகத் தெரிந்தன. தொட்டிலுக்குள், கந்தல் துணியில் பிள்ளையைச் சுற்றுகிற மாதிரிச் சுற்றி வைத்திருந்தது குழவி. எண்ணெய் ஊறிக் கறுத்து மினுங்கியது. ஒரு முனையில் திருஷ்டிப் பொட்டு.

இந்த வீட்டுப் பிள்ளைகள் விளையாடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கந்தலை அடுப்பில் போட்டாள். குழவியைக் கழுவி, மிளகாய் அரைத்தாள். கல் உள்ளங்கைக்குக் கதகதவென்று இருந்தது.

அரைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளறையில் கயிறு முனகிற்று. கிர்... கிர்...

வெளியே ஒரு இலை அசையவில்லை.

வெறுந்தொட்டில் ஆடினால் வீட்டிலிருக்கும் பிள்ளைக்கு ஆகாது. சுப்பம்மா ஓடிப்போய்த் தொட்டிலைப் பிடித்து நிறுத்தினாள். நின்றது. அடுப்படிக்குத் திரும்பினாள். கிர்... கிர்...

மத்தியானம் மாரியம்மா மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்தாள். அந்தத் தோட்டத்திலேயே முடி நரைத்தவள், வாய் ஓயாதவள். பின்வாசல் படியில் நின்றபடியே அம்மியைப் பார்த்தாள். வாய் ஓய்ந்தது.

"இத எங்கருந்துடி எடுத்த?"

"உள்ளறத் தொட்டில்ல கெடந்துச்சுக்கா."

மாரியம்மா படியேறவில்லை. கிழங்கைக் கீழே வைத்தாள்.

"கங்காணி பொண்டாட்டி காளியம்மா. பெத்ததெல்லாம் காய்ச்சல்ல போச்சு. விட்டத்துல தடம் பாத்தியா, பிள்ளைக்கு ஒண்ணு. கடைசியும் போனப்புறம் வெறுந்தொட்டில ஆட்டிக்கிட்டே உக்காந்திருந்தா. ஆட்டாத ஆத்தான்னு நாங்கதான் சொன்னோம். ஒடனே குழவிய எடுத்து உள்ள போட்டுக்கிட்டா. பேரு வைக்கிற அன்னிக்குப் பிள்ளைக்கு முன்னால தொட்டில்ல குழவியத்தான போடுறோம், ஏதோ ஆறுதலுக்குப் பண்றான்னு விட்டுட்டோம். அவ எண்ண தேச்சுக் குளிப்பாட்டுனா. பாலும் குடுத்தா."

"கல்லுக்கா?"

"கோயில்ல பண்டாரம் குழவி குழவின்னு பாடுறாரே, அது பிள்ளையத்தானக்கான்னு என்னையே கேட்டா. நான் என்னத்தச் சொல்ல? கங்காணி வேற கல்யாணம் கட்டக் கப்பலேறிட்டாரு. இவளக் கயித்தப் புடிச்ச கையோடதான் பாத்தோம். ஒடம்பு வெறச்சுப் போச்சு. தொட்டில் மட்டும் ஆடிக்கிட்டிருந்துச்சு."

மாரியம்மா குரலைத் தாழ்த்தினாள். "நீ அத வச்சு மொளகா அரைச்சிருக்க. கழுவிக் கொண்டுபோய் இருந்த எடத்துலயே வச்சுரு."

அவள் போனதும் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சுப்பம்மா குழவியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், புளி போட்டுத் தேய்த்தாள், எண்ணெய் தடவினாள். காரம் கல்லை விட்டுப் போகவில்லை. சுற்ற வேண்டுமே, கந்தலைத்தான் எரித்துவிட்டாளே. கைக்கு அகப்பட்டது கொடியில் காய்ந்த வீரப்பனின் துணி. அதில் சுற்றித் தொட்டிலில் வைத்தாள். "தெரியாமச் செஞ்சுட்டேன் தாயே. ஒன் பிள்ள இந்தா இருக்கு."

தொட்டில் மெல்ல ஆடத் தொடங்கியது. பாரம் பார்த்து, பதனமாக.

அவள் முன்கூடத்துக்கு ஓடி வந்தாள். மழை பிடித்துக்கொண்டது. ஓட்டின் மேல் கல்லை வாரி இறைத்த மாதிரி மழை. சாலையே தெரியவில்லை, இந்த மழையில் தலை நிற்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போக? பெரியதம்பி வரட்டும், வந்ததும் கிளம்பிவிடலாம். பசித்துச் சிணுங்கிய வீரப்பனை மடியில் போட்டு, முந்தானையால் மூடிப் பால் கொடுத்தாள். அவன் துணியில் கொடிவெயில் மணந்தது. சுவரில் சாய்ந்தாள். கண் செருகியது. ஒரு சொடுக்கு நேரந்தான்.

பிள்ளை வைத்திருப்பவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், தாயே, உங்கள் பிள்ளையை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

சுப்பம்மா விழித்தபோது மழை விட்டிருந்தது. ஓட்டு விளிம்பில் சொட்டும் நீர். உள்ளறையில் கயிறு. கிர்... கிர்...

அப்புறம் அழுகை.

அவளுக்குத் தெரிந்த அழுகை. நடுவில் விக்கி, மூச்சுப் பிடித்து, மறுபடி எழும் அழுகை. வீரப்பன். உள்ளறையிலிருந்து.

மடியைப் பார்த்தாள். முந்தானை மூடியபடி இருந்தது.

மடி கனத்தது. தொடை மரத்துப் போகிற கனம்.

குளிர்.

எழ முயன்றாள். எழ முடியவில்லை.

உள்ளே யாரோ தாலாட்டு முனகினார்கள். வார்த்தை இல்லை, மூச்சு மட்டும். அழுகை தணிந்தது. விக்கல். பிறகு ஒரு பிள்ளையின் சின்னச் சிரிப்பு.

மார்பு எரியத் தொடங்கியது. கடி இல்லை. எரிச்சல். மிளகாய் எரிச்சல்.

முந்தானையின் ஓரத்தைப் பிடித்தாள். விலக்க முடியவில்லை.

முந்தானைக்குள், சத்தம் போடாமல், அது பால் குடித்துக்கொண்டிருந்தது.