மூன்றாவது வளைவு

பின்தோட்டத்துப் புல்லில் படிந்திருந்த உறைபனியில் ஒரு தடம் தெரிந்தது. வலப்பக்க வேலியடியில் தொடங்கி, இடப்புறமாக வளைந்து, எதிர்வேலிக்கு அடியில் போய் மறைந்தது. இரண்டும் நெருக்கி அடித்த பலகை வேலிகள். எலி நுழையக்கூட இடமில்லை.

வில்ஃப் ஓக்டன் சமையலறை ஜன்னலருகே நின்று, கையிலிருந்த தேநீர் ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தய நாய்கள் இடப்பக்கமாகத்தான் திரும்பும். ஆயுள் முழுக்க நாய் பழக்கியவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் ஹாதர்ஷா ஊரின் நாய்ப் பந்தயத் திடல் இருந்த இடத்தில்தான் இப்போது இந்தக் குடியிருப்பு இருந்தது. பஞ்சாலைக்காரர்கள் சனிக்கிழமை சாயங்காலம் இறைச்சி அடைத்த பணியாரத்தைக் கடித்துக்கொண்டே கத்திய கத்தலெல்லாம் எப்போதோ அடங்கிவிட்டது. மகள் ஹிலரி பக்கத்துத் தெருவில் இருந்தாள். அப்பாவுக்கும் இங்கேயே வீடு பார்த்து வைத்துவிட்டாள். வந்த முதல் நாளே ஆலைப் புகைபோக்கி நின்ற திசையைப் பார்த்து அவருக்கு இடம் புரிந்துபோயிற்று. திடலின் மூன்றாவது வளைவு. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று அவள் கேட்பாளே. அந்த வெட்கத்துக்குப் பயந்துதான் குடிவந்தார்.

நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தபோது ஹிலரி வந்தாள். திடலின் வரலாற்றைப் பற்றி நூலகத்தில் அன்று கண்காட்சி திறக்கிறார்கள். சட்டமிட்ட படமொன்றைப் பெருமையோடு நீட்டினாள். படத்தில் இளவயது வில்ஃப், பக்கத்தில் பெக்கி என்ற சாம்பல்நிற நாய். ஓடி ஓய்ந்த நாய் ஒவ்வொன்றுக்கும் வீடு தேடித் தந்தவர் என்று கீழே எழுதியிருந்தது.

வில்ஃபுக்கு முகம் சுட்டது.

"பெக்கி வேல்ஸ்ல ஒரு பண்ணைக்குத்தானே போச்சு, அப்பா? அங்க யாராவது கேட்டா சொல்லணும். நான் எல்லார்கிட்டயும் சொல்லிவெச்சிருக்கேன்."

சொல்லிவிட இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. வாயைத் திறந்தார்.

"ஆமாம்மா. கடைசிவரைக்கும் அடுப்புப் பக்கத்துலயே சொகமா படுத்துக் கெடந்துச்சாம்."

கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிட்டோமே என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது. வெளியே வேலிப் பலகையில் ஏதோ உரசிக்கொண்டு போனது.

பின்கதவைப் பூட்டிவிட்டு வரச் சொல்லி, ஹிலரி காரைக் கிளப்பப் போனாள்.

கதவு லேசாகத் திறந்திருந்தது. ஈர மணலும் நாய்களுக்குத் தேய்க்கும் தைலமும் கலந்த வாடை அந்த இடுக்கு வழியே வந்தது. திடலை இடித்த பிறகு அவர் மூக்குக்கு எட்டாத வாடை. அதன் பின்னால், ஓடி முடித்து நிற்கும் உடம்புகளின் மூச்சிரைப்பு, நிறைய மூச்சுகள், ஆனால் குரைப்பு ஒன்றுகூட இல்லை.

பந்தய நாயின் காதுக்குள் பச்சை மையால் அடையாள எழுத்துகள் குத்தியிருப்பார்கள். அதைப் படித்தால் எந்த நாய், யாருடையது என்று தெரிந்துவிடும். காதில்லாத நாய்க்குச் சொந்தக்காரன் இல்லை என்பது பழக்குபவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் பேச்சு. ஓடமுடியாத நாய்களை வில்ஃப் மூன்றாவது வளைவுக்குப் பின்னால் கூட்டிப்போவார். முதலில் துப்பாக்கி. பிறகு கத்தி. பிறகு மண்வெட்டி.

பெக்கிக்கு வழியில் கொடுக்கச் சொல்லி, சிறுமி ஹிலரி ஒரு பிஸ்கட் தந்திருந்தாள். அவர் கொடுத்தார். அது தின்றது. கடைசித் துணுக்கு வரை அவர் உள்ளங்கையை நக்கியது. பிறகு காதைத் தடவிவிடச் சொல்லி, முழங்காலில் தலையை வைத்தது.

பூட்டப் போன கையில் குளிர்ந்த மூக்கு பட்டது.

வில்ஃப் கையை இழுக்கவில்லை. அழுத்திக் கடிக்கட்டும் என்றே நினைத்தார். கடித்தால் நியாயம்.

கடிக்கவில்லை.

ஒரு தலை மெல்ல அவர் கைக்குக் கீழே நுழைந்தது. நெற்றியின் குழி, கண்ணுக்கு மேலுள்ள எலும்பு. பழகிய தலை. ஆயுள் பழக்கம், கட்டைவிரல் தானாகவே காதை மடித்துப் படிக்கப் போனது.

காது இல்லை.

ஈரம். வழுவழுப்பு. விளிம்பு. மறுபக்கமும் அப்படியே.

நாக்கு ஒன்று அவர் உள்ளங்கையை நக்கத் தொடங்கியது. பொறுமையாக. ஏதாவது வைத்திருப்பாரா என்று.

"அப்பா, நேரமாச்சு," என்று வாசலில் காரிலிருந்தபடியே ஹிலரி கூப்பிட்டாள்.

கார் விளக்கு திரும்பியபோது வெளிச்சம் வேலிக்கு மேலாகத் தோட்டத்தில் விழுந்தது. புல் தெரியவில்லை. அத்தனையும் நாய்கள். மொழுக்கென்று, உருண்டையாக, காதில்லாத தலைகள். பந்தயத்துக்கு முன்னால் காது பார்க்க நிற்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாக, வளைவு நெடுக வரிசையில் நின்றன.

ஒன்றுக்கும் கோபமில்லை. அவரைப் பார்த்ததும் எல்லாம் வாலை ஆட்டின.

பெக்கி விலகி இடம் விட்டது. அடுத்தது முன்னால் வந்து, அவர் கைக்குத் தலையைக் கொடுத்தது.