வாத்துக் குரலைத் தேடி

“வண்டிய நிறுத்து பவுன்ராஜ்! எஞ்சினை அமத்து!”

ஜன்னத் கத்திய கத்தலில் பவுன்ராஜ் பிரேக்கை ஓங்கி மிதித்தான். சேற்றில் சறுக்கிய ஜீப், சாலையோரத் தேயிலைப் புதருக்குள் மூக்கை நுழைத்து நின்றது. எஞ்சின் ஓய்ந்ததும் ரேடியோவில் பொரிந்துகொண்டிருந்த படபடப்பும் அடங்கியது. அந்த அமைதிக்கு அடியில் ஏதோ ஒன்று மெல்லக் கத்தியது.

“குவா... குவ்வா... குவா...”

“வாத்துக்கா,” என்றான் பவுன்ராஜ்.

“வாத்து இல்லடா. ஆளு!”

கம்பம் நகரில் மருந்துக்கடை நடத்தும் ஜன்னத்துக்கு, பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவோர் பரீட்சை எழுதி வாங்கும் அமெச்சூர் ரேடியோ உரிமம் உண்டு. ஜீப்பின் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு ரேடியோவை மாட்டி, பின் பம்பரில் ஆளுயரத்துக்கும் மேலான ஏரியல் கம்பியை நட்டிருந்தாள். அவளுடைய ரேடியோ நண்பர் ஈஸ்வரபாண்டி, பள்ளியில் இயற்பியல் வாத்தியார். தன் கையாலேயே செய்த சின்ன ரேடியோவைத் தூக்கிக்கொண்டு, மனைவி ஜெயக்கொடியுடன் மேகமலைப் பக்கம் கூகைமுடி உச்சிக்கு ஏறியிருந்தார். அங்கிருந்து எத்தனை ஊர்க்காரர்களோடு பேச முடியும் என்று பார்க்க ஆசை.

அவர்கள் நேற்றே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. பெருமழையில் செல்போன் கோபுரங்கள் செத்துக் கிடந்தன. மண் சரிந்து மலைச்சாலையை மூட மூடப் பொக்லைன் தள்ளிக்கொண்டிருந்தது. கடைசியாக வழிவிட்ட இடைவெளியில் அவர்களைத் தேடிப் புகுந்து ஏறிய ஜீப் இது ஒன்றுதான். எஸ்டேட் வண்டி ஓட்டிப் பழகிய பவுன்ராஜ் இல்லாவிட்டால் இதுவும் ஏறியிருக்காது.

ஜன்னத் ரேடியோவின் பெரிய குமிழை இரண்டு விரல்களால் பிடித்தாள். இது எஸ்.எஸ்.பி. முறை. அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புவதால் சின்ன பேட்டரியிலேயே வெகுதூரம் பேசலாம். ஆனால் கேட்பவர் இம்மி பிசகாமல் குமிழை வைக்க வேண்டும். கொஞ்சம் தள்ளினாலும் மனிதக் குரல் வாத்தாகிவிடும்.

மெல்ல, மிக மெல்லத் திருப்பினாள். கீச்சென்றிருந்த வாத்து கனத்தது. இன்னும் ஒரு மயிரிழை. எல்லாம் ஒரு நொடியில் கூடி வந்தது!

“...யாராச்சும் இருக்கீகளா? இவுகளுக்குக் கால் மாட்டிக்கிருச்சு. யாராச்சும்...”

“ஜெயக்கொடி மதினி!” மைக்கின் பொத்தானை அழுத்தினாள் ஜன்னத். “நான் ஜன்னத் பேசுறேன்! எங்க இருக்கீக? ஓவர்!”

பொத்தானை விட்டாள். பிறகு எங்கோ மேலே ஒரு கீச்சு, கீழே ஓர் உறுமல். குரல் நழுவி நழுவி ஓடியது.

“என்னக்கா ஆச்சு?”

“மதினி ரேடியோவத் தொட்டதே இல்ல. என் குரல் அங்க கொரகொரன்னு கேட்டிருக்கும். சரி பண்றேன்னு குமிழைத் திருகுறாக. நான் அவுகளத் துரத்துறேன், அவுக என்னையத் துரத்துறாக!”

ஜன்னத் துரத்துவதை நிறுத்தினாள். முதலில் குரல் கிடைத்த இடத்துக்கே குமிழைக் கொண்டுவந்து வைத்தாள். பின், தாலாட்டுவதுபோல ஒரே தாளத்தில் திரும்பத் திரும்பச் சொன்னாள்: “மதினி, மெதுவாத் திருப்புங்க. என் குரல் மனுசக் குரலாக் கேட்டதும் கைய எடுத்துருங்க. மெதுவா. மெதுவா...”

மழைத்துளி ஜீப்பின் படுதாவில் சொட்டியது. பவுன்ராஜ் மூச்சைக்கூட விடவில்லை.

“ஜன்னத்து! நீயா? நல்லாக் கேக்குது! நெசமாவே நீதானா?”

“நான்தான்! கைய எடுங்க! இனிமே குமிழைத் தொடக்கூடாது, சத்தியம்!”

“தொடல, தொடல!”

உடைந்து உடைந்து செய்தி வந்தது. இறங்கும்போது மேகம் மூடிவிட்டது. வழி தவறி ஓர் ஓடைக்குள் இறங்கியிருக்கிறார்கள். மண் சரிந்து, உருண்டு வந்த பாறை ஈஸ்வரபாண்டியின் காலை அமுக்கிவிட்டது. காலையில் பேசிக்கொண்டிருந்தவர் இப்போது அரை மயக்கம். தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது.

“தண்ணி எது வரைக்கும் மதினி?”

“இடுப்புக்கு வந்திருச்சு. தலைய நான் மடியில வச்சிருக்கேன்.”

அப்போது இன்னொரு குரல், இடையில் புக ரேடியோக்காரர்கள் சொல்லும் சொல்லோடு குறுக்கிட்டது. “பிரேக், பிரேக். மதுரையிலருந்து பேசுறேன். எல்லாம் கேட்டுச்சு. தீயணைப்புக்குச் சொல்லிட்டேன்மா. ஆனா சாலை அடைபட்டதால அவங்க வர ராத்திரி ஆயிரும். நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க.”

ராத்திரி வரை தண்ணீர் காத்திருக்காது.

பவுன்ராஜ் கீழே குதித்து நாலாபக்கமும் பார்த்தான். எங்கும் வெள்ளை மேகம். “கூகைமுடியிலருந்து ரெண்டு ஓடை இறங்குதுக்கா. ஒண்ணு கிழக்கால காட்டுக்குள்ள போகுது. இன்னொண்ணு மேற்கால தேயிலை ஃபேக்டரிக்குப் பின்னாடி. ரெண்டும் எதிரும் புதிருமா! தப்பான ஓடையில இறங்குனா அம்புட்டுதான், திரும்பி ஏறிவர இருட்டிரும்.”

“மதினி, சுத்தி என்ன தெரியுது?”

“மேகந்தான். பாறை. தண்ணி. வேறெதுவும் தெரியல ஜன்னத்து.”

ஜன்னத் உதட்டைக் கடித்தாள். பார்க்க முடியாது. ஆனால் கேட்க முடியுமே!

“பவுன்ராஜ், ஃபேக்டரியில சங்கு ஊதுவாங்கல்ல?”

“சாயங்கால ஷிப்ட் முடிய ஊதுவாக. இந்தா, ஊதுற நேரந்தான்.”

“மதினி, கவனமாக் கேளுங்க! தண்ணிக்கு முதுகைக் காட்டி உக்காருங்க. மைக்க நெஞ்சோட பிடிச்சு, பொத்தானை அமுக்கிக்கங்க. பேசக்கூடாது. பேசாம இருந்தா பேட்டரியும் அவ்வளவா இறங்காது. சங்கு ஊதி முடியுற வரைக்கும் விடாதீங்க!”

“ரேடியோவுல வெளக்கு மங்கிக்கிட்டே வருதே!”

“தாங்கும். அமுக்குங்க!”

ஸ்பீக்கரில் ஓடையின் இரைச்சல் மட்டும் வந்தது. அதற்குள் ஈஸ்வரபாண்டியின் முனகல் ஒன்று. ஜன்னத் ஒரு காதை ஸ்பீக்கரிலும் இன்னொரு காதை வெளியிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். சங்கு ஒரு தடவைதான் ஊதும். தவறவிட்டால் இன்றைக்கு வேறு வாய்ப்பில்லை.

நேரம் ஊர்ந்தது.

ஊஊஊ...!

சங்கு! ஆனால் வெளியே அல்ல, ஸ்பீக்கருக்குள்! பவுன்ராஜ் வாயைத் திறந்தான். ஜன்னத் கையை உயர்த்தி அவனை அடக்கினாள். ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு என்று எண்ணும்போதுதான் அதே சங்கு மேற்கிலிருந்து காற்றில் மிதந்து அவர்கள் காதுக்கு வந்து சேர்ந்தது.

“மேற்கு ஓடை!” ஜன்னத் துள்ளினாள். “ரேடியோ அலை கண்ணிமைக்கிறதுக்குள்ள வந்துரும். சத்தம் நடந்து வர்ற மாதிரி. மதினி காதுல விழுந்து இவ்வளவு நேரம் கழிச்சு நமக்குக் கேக்குதுன்னா, அவுக நம்மளவிட ஒரு கிலோமீட்டருக்கு மேல ஃபேக்டரிக்குப் பக்கத்துல இருக்காக! எடு வண்டிய!”

ஜீப் சீறிக் கிளம்பியது. வளைவுகளில் ஏரியல் சாட்டையாய் வளைந்து மரக்கிளைகளை விளாசியது. ஃபேக்டரிக்கு மேலே சாலை ஓடையைத் தொடும் இடத்தில் பவுன்ராஜ் நிறுத்தி, ஹாரனில் கையை வைத்து அழுத்தினான்.

“கேக்குது! ஹாரன் கேக்குது!” ஸ்பீக்கர் அலறியது. “மேல கேக்குது!”

ஜாக்கி, கயிறு, முதலுதவிப் பை. இருவரும் புதர்களைப் பிடித்துப் பிடித்துச் சரிவில் இறங்கினார்கள். ஜன்னத் இரண்டு முறை விழுந்தாள். அட்டைகள் காலில் ஏறியதைக் கவனிக்கவே நேரமில்லை. பாறைத் திருப்பத்தைத் தாண்டியதும், செந்நிறத் தண்ணீருக்கு நடுவே ஒரு மஞ்சள் மழைக்கோட்டு தெரிந்தது. கணவனின் தலையை உயர்த்திப் பிடித்தபடி ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தாள். சின்ன ரேடியோ அவள் கழுத்தில் தொங்கியது. தண்ணீர் அவருடைய மார்பைத் தொட்டுவிட்டது.

“அண்ணே! கண்ணைத் திறங்க!”

ஈஸ்வரபாண்டி லேசாகக் கண் திறந்தார். “ஜன்னத்தா? சிக்னல் எப்படி இருந்துச்சு?”

“இந்த மனுசனுக்கு இப்பவும் சிக்னல்தான் கவலை!” என்று அழுதுகொண்டே திட்டினாள் ஜெயக்கொடி.

பவுன்ராஜ் தண்ணீருக்குள் மூழ்கி ஜாக்கியைப் பாறைக்கடியில் செருகினான். சுழற்றினான். சேறு ஜாக்கியைத்தான் விழுங்கியதே தவிர, பாறை அசையவில்லை. மேலே வந்து மூச்சு வாங்கினான். “அடியில தட்டைக் கல்லு வேணும்க்கா!” மூவருமாகத் துழாவி ஒரு பலகைக் கல்லை உருட்டிவந்து கீழே போட்டார்கள். மறுபடி முங்கினான். கிரீச்... கிரீச்... பாறை ஒரு விரற்கடை எழும்பியது.

“இழுங்க!”

இரண்டு பெண்களும் அவருடைய அக்குளைப் பிடித்து ஒரே மூச்சில் இழுத்தார்கள். அவர் அலறினார், கால் வெளியே வந்தது! அடுத்த கணமே ஜாக்கி சரிந்து, பாறை தொப்பென்று தன் இடத்தில் விழுந்தது.

ஏரியல் கட்ட அவர் கொண்டுவந்திருந்த மூங்கில் கழியை ஒடித்து, ஜன்னத் காலுக்குச் சிம்பு வைத்துக் கட்டினாள். பவுன்ராஜ் ஃபேக்டரிக்கு ஓடினான். வீடு திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் தேயிலைச் சாக்கைக் கழிகளில் மாட்டித் தூளியாக்கி எடுத்து வந்தார்கள். ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, கூச்சலும் தைரியமுமாக அவரைச் சாலைக்கு ஏற்றிவிட்டார்கள். தகவல் கேட்டு அங்கே ஓடிவந்த எஸ்டேட் டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்து, விரல்களை அசைக்கச் சொல்லி, தலையசைத்தார். “எலும்பு முறிஞ்சிருக்கு. ஆனா கால் பிழைச்சுக்கும்.”

ஜன்னத் ஜீப்பில் ஏறி மைக்கை எடுத்தாள். “ரெண்டு பேரும் கிடைச்சுட்டாங்க. உயிரோட, பத்திரமா. ஓவர்.”

ஒரு கணம் வெறும் இரைச்சல். பிறகு அலைவரிசையே வெடித்தது! மதுரை, நாகர்கோவில், கொல்லம், யாழ்ப்பாணம் என்று எத்தனையோ குரல்கள். ஒன்று கனமாய், ஒன்று கீச்சாய், பாதி வாத்து, பாதி மனிதர். இத்தனை நேரமும் இவர்கள் எல்லோரும் மூச்சுக்காட்டாமல் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒரு பெண்ணின் மங்கலான குரலுக்கு இடைஞ்சலாகிவிடக்கூடாது என்று, அந்த மதுரைக்காரரைத் தவிர ஒருவர்கூடப் பொத்தானைத் தொடவில்லை.

ஜன்னத்துக்குக் கண் நிறைந்தது. பேசுவதற்காகத்தான் ரேடியோ என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாள். பாதி வேலை, பொறுமையாகக் கேட்பது.

தூளியிலிருந்து ஈஸ்வரபாண்டி கையை நீட்டினார். “என் செட்டக் குடு கொடி. நானும் ரெண்டு வார்த்தை சொல்றேன்.”

ஜெயக்கொடி கழுத்தில் தொங்கிய ரேடியோவை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டாள்.

“ஒங்களுக்கு வேணும்னா வேற செஞ்சுக்கங்க,” என்றாள். “நானும் உரிமத்துக்குப் பரீட்சை எழுதப் போறேன். இது இனிமே என்னோடது.”