மூன்று முறை அழைத்தும்

டவாலி அந்தக் கோர்ட்டுக்கு மாற்றலாகி வந்து சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை காலை. ஓய்வு பெற இன்னும் பதினொரு மாதம்தான் பாக்கி. பஸ் அவரையும் அவருடைய தகரப் பெட்டியையும் இறக்கிவிட்டு வந்த வழியே திரும்பியது. அதற்கு மேல் சாலை கிடையாது.

ஓட்டுக் கூரையும் ஆள் உயர ஜன்னல்களுமாக நீண்டு கிடந்த பழைய கட்டடம். முன்புறம் முழு நீளத்துக்கும் ஒரு வராந்தா. அதன் ஒரு கோடியில் நோட்டீஸ் பலகை, மறு கோடியில் சாட்சிகள் உட்காரும் பெஞ்சு. அதைத் தாண்டினால் வெறும் வயல். வயலுக்கு அப்பால் ஆறு இருப்பதாகச் சொன்னார்கள். உள்ளே பழைய காகித வாடை மூக்கில் ஏறியது. ஹெட் கிளார்க் நல்ல மனிதர், வாயாடி. இந்தக் கோர்ட்டில் வாய்தா கேட்காமல் வந்து போவது சூரியன் ஒன்றுதான் என்று சொல்லிச் சிரித்துவிட்டு, சாவிக்கொத்தை அவரிடம் கொடுத்தார்.

டவாலியின் வேலை கூப்பிடுவது. வழக்கை எடுக்கும்போது வராந்தாவுக்கு வந்து நின்று, ஆளின் பெயரையும் தகப்பன் பெயரையும் சேர்த்து மூன்று முறை உரக்கக் கூப்பிட வேண்டும். வந்தால் ஆஜர். வராவிட்டால் 'மூன்று முறை அழைத்தும் ஆஜராகவில்லை' என்று தாளில் ஏறிவிடும். அந்த ஒரு வரியில் வீடு போனவர்கள் உண்டு, பெற்ற பிள்ளையை இழந்தவர்கள் உண்டு. அதனால் அவர் ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் நடுவில் மனதுக்குள் பத்து எண்ணுவார். கழிப்பறைக்குப் போன கிழவரும் வந்து சேர அவகாசம் வேண்டுமே. முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு நாளும் அந்தப் பத்தை ஒன்பதாக்கியதில்லை.

மனைவி போய் மூன்று வருஷம். மகள் கடல் கடந்து இருந்தாள். ஞாயிறுதோறும் போன் செய்து, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்டு வைத்துவிடுவாள். கடைத்தெருவில் பூட்டிக் கிடந்த கடை ஒன்றின் மாடியில் அவருக்கு ஒரு அறை கிடைத்தது. பகல் முழுக்க ஊரார் பெயரையெல்லாம் கூவிவிட்டு அங்கே போனால், அவருக்குக் கூப்பிடவும் ஆளில்லை, அவரைக் கூப்பிடவும் ஆளில்லை.

முதல் வாரத்திலேயே அந்தப் பெஞ்சை அவர் கவனித்தார். ஐந்து பேர் தாராளமாக உட்காரலாம். ஆனால் எப்போதும் நான்கு பேர்தான் உட்கார்ந்தார்கள். சுவரோரக் கடைசி இடம் காலியாகவே கிடந்தது. கூட்டம் நெருக்கியடித்த நாளில்கூட ஜனங்கள் தூணில் சாய்ந்து நின்றார்களே தவிர அங்கே உட்காரவில்லை. கால் வலியோடு நின்றிருந்த ஒருவரிடம் ஏன் என்று கேட்டார்.

"ஆள் இருக்காங்கன்னு நெனச்சேன்" என்றார் அவர். சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தார். பார்த்தும் உட்காரவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு நோட்டீஸ் ஒட்ட வேண்டி வந்தது. பம்புசெட் மோட்டார் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர் ஏழு வருஷத்துக்கு முன்னால் காணாமல் போயிருந்தார். அவரை இறந்தவராக அறிவிக்கக் கோரி மனைவி மனுப் போட்டிருந்தாள். 'மேற்படி நபர் உயிருடன் இருப்பது பற்றித் தெரிந்தவர்கள், அல்லது மேற்படி நபரே, குறிப்பிட்ட தேதியில் காலை பத்தரை மணிக்கு இந்த நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டியது. தவறினால் அவர் இறந்தவராகக் கருதப்பட்டு உத்தரவு பிறப்பிக்கப்படும்.' டவாலி பசை தடவி, கையால் நீவி, பலகையின் நடுவில் ஒட்டினார்.

மறுநாள் காலை அந்தத் தாள் மட்டும் ஈரமாக இருந்தது.

சொட்டு மழை இல்லாத மாதம். சுற்றி இருந்த ஏலம், ஜப்தி, வாரிசு நோட்டீஸ்கள் எல்லாம் அப்பளமாய்க் காய்ந்து கிடந்தன. இது மட்டும் நனைந்த துணிபோலத் தொங்கியது. கிட்டே போனால் சேற்று நீர் வாடை. அவர் வேறு பிரதி ஒட்டினார். அதுவும் அப்படியே ஆனது. ஓடு ஒழுகுகிறதா என்று ஹெட் கிளார்க்கைக் கேட்டார். மழை பெய்தால்தானே ஒழுக என்று அவர் திருப்பிக் கேட்டார்.

ஒரு மத்தியானம் அந்த நோட்டீஸின் முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. தையல்காரி. மெக்கானிக்கின் மனைவி அவள்தான் என்று டவாலிக்குச் சொல்லாமலே தெரிந்தது. என்ன ஆனதென்று விசாரித்தார். ஒரு நாள் காலையில் குடையோடு கிளம்பிப் போனார், கிணற்றில் போட்ட கல்லாகப் பேச்சு மூச்சில்லை என்றாள். தேடாத இடமில்லை. சொத்து சுகம் எதற்காகவும் இந்த மனு இல்லை என்றும் அவளாகவே சொன்னாள்.

"எந்த ஃபாரத்தை எடுத்தாலும் புருஷன் இருக்காரா, இல்லையான்னு ரெண்டு கட்டம்தான்யா இருக்கு. ஏழு வருஷமா நான் ரெண்டுலயும் இல்ல."

டவாலி ஈர நோட்டீஸின் ஓரத்தை விரலால் நீவிவிட்டார்.

"அன்னைக்கு நீங்கதானே கூப்பிடுவீங்க?" என்று கேட்டாள். "கூப்பிட்டா வந்துருவாரோன்னு பயமா இருக்கு. வரலன்னாலும் பயமா இருக்கு."

விசாரணை நாள் வந்தது. நீதிபதி தலையசைத்ததும் டவாலி வராந்தாவுக்கு வந்தார். வெயில் வெள்ளை வெளேரென்று அடித்தது. பெஞ்சில் நான்கு பேர். மெக்கானிக்கின் பெயரையும் தகப்பன் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். பத்து எண்ணினார். வயலில் ஒரு கொக்கு எழும்பிப் போனது.

இரண்டாம் முறை கூப்பிட்டார்.

"ஐயா."

பெஞ்சுப் பக்கமிருந்து வந்த குரல். தொண்டையில் நீர் கட்டியதுபோல் இருந்தது. பெஞ்சில் இருந்த நால்வரும் தலை நிமிரவில்லை. ஒருவர் பல் குத்திக்கொண்டிருந்தார். சுவரோரத்தில் யாரும் இல்லை.

எண்ணிக்கை நாலிலேயே நின்றுபோனது. மேற்கொண்டு என்ன எண் என்று அவருக்கு மறந்துவிட்டது. மூன்றாம் முறை கூப்பிட்டார். குரல் அவருடையதாகவே இல்லை.

இடது காதின் பக்கத்தில், மூச்சு படும் தூரத்தில் பதில் வந்தது.

"வந்துட்டேன் ஐயா."

சட்டைக் காலர் ஒரு பக்கம் ஈரமாகிக் கழுத்தில் ஒட்டியது. அவர் எப்படி உள்ளே போனார் என்று அவருக்கே தெரியாது. நீதிபதி, ஆள் வந்திருக்கிறாரா என்று கேட்டார். டவாலி எதிரே பார்த்தார். தையல்காரி இரண்டு கைகளாலும் சாட்சிக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரலைங்க ஐயா."

முப்பத்து நாலு வருஷத்தில் அவர் சொன்ன முதல் பொய் அது. உத்தரவு எழுதப்பட்டது. தையல்காரி அழவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ரொம்ப தூரம் நடந்து வந்தவளைப்போலப் பாதங்களைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வக்கீல் மனுவைப் படித்தபோது ஒரு வரி டவாலியின் காதில் விழுந்திருந்தது. மெக்கானிக் கடைசியாக வீட்டை விட்டுக் கிளம்பியது இதே கோர்ட்டுக்குத்தான். யாரோ ஒருவருடைய வேலித் தகராறில் அவர் ஒரு சாட்சி. டவாலி ஹெட் கிளார்க்கிடம் கேட்டு அந்தப் பழைய வழக்குக் கட்டை எடுத்துப் பார்த்தார். 'சாட்சி மூன்று முறை அழைத்தும் ஆஜராகவில்லை. வாரண்ட் பிறப்பிக்கப்படுகிறது.' பக்கத்தில் அன்றைய டவாலியின் சுருக்கொப்பம்.

சுருக்கொப்பம் போட்ட மனிதர் இன்னும் உயிரோடு இருந்தார், சந்தைக்குப் பின்னால் மகன் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டவாலி தேடிப் போனார். பழைய டவாலி ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்த உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆள் எலும்பும் தோலுமாக இருந்தார். வந்தவர் யார் என்று தெரிந்ததும், மருமகளை வெளியே போகச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பதில் சொன்னானா?"

டவாலி தலையசைத்தார்.

அன்று பேய் மழை என்று கிழவர் சொன்னார். வராந்தா முழுக்கச் சாரல். சட்டை நனையுமே என்று அவர் வாசல் தாண்டவில்லை. கதவுக்கு உள்ளே நின்று, மழை இரைச்சலில் ஒரே ஒரு தடவை, முணுமுணுப்பாகப் பெயரைச் சொன்னார். மூன்று முறை என்று எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் கதவைப் பூட்டும்போது பார்த்தால், பெஞ்சின் கடைசியில் ஒருவன் நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். காலையிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறான். எழுந்து வந்து, என்னைக் கூப்பிட்டீங்களா ஐயா என்று மரியாதையாகக் கேட்டான்.

"கூப்பிட்டாச்சு, வாரண்டும் போட்டாச்சு, போலீஸ் வரும், போன்னேன்" என்றார் கிழவர். "என் தப்பை மறைக்கணும்ல. அவன் முகம் வெளுத்துப் போச்சு. ஆத்தோரமா இருட்டுல இறங்கிப் போனான். அன்னைக்கு ஆத்துல தண்ணி எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்."

பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பொழுது சாஞ்சா வந்து கேப்பான். கூப்பிட்டீங்களா, கூப்பிட்டீங்களான்னு. அதான் ஜன்னலை அடைக்கச் சொல்லிட்டேன். நீங்க ஊருக்குப் புதுசு. வேலை முடிஞ்சதும் அங்க நிக்காதீங்க."

டவாலிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பயம் ஒரு பக்கம் என்றால், தான் சொன்ன பொய் மறு பக்கம் உறுத்தியது. ஏழு வருஷமாகத் தன் பெயர் காதில் விழாதா என்று ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். கூப்பிட்டதும் ஓடி வந்தான். வரவில்லை என்று இவரும் அல்லவா சொல்லிவிட்டார்?

திங்கட்கிழமை சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அவர் வராந்தாவில் தங்கினார். வெளிச்சம் வயலின் கோடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் நெஞ்சுப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். பெயர், தகப்பன் பெயர். ஒன்று. பத்து எண்ணினார். இரண்டு. பத்து எண்ணினார். மூன்று.

சேற்று நீர் வாடை வந்தது.

"வந்துட்டேன் ஐயா."

அவர் தூணைப் பிடித்துக்கொண்டு, நீதிபதி முன்னால் சொல்கிற தோரணையில் உரக்கச் சொன்னார்.

"சாட்சி ஆஜர். அன்னைக்கும் ஆஜர், இன்னைக்கும் ஆஜர். வாரண்ட் ரத்து." பிறகு குரல் இறங்கியது. "தப்பு எங்க பேர்லதான் தம்பி. விசாரணை முடிஞ்சுது. நீங்க போகலாம்."

பெஞ்சுப் பலகை ஒரு முறை கிறீச்சிட்டது, நெடுநேரம் உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கும்போது வருவதுபோல. வாடை மெல்லக் குறைந்து, பழைய காகித வாடை திரும்பியது. டவாலி அதே பெஞ்சின் சுவரோரத்தில் போய் உட்கார்ந்தார். பலகை காய்ந்து, வெயில் சூட்டோடு இருந்தது.

அதோடு கதவைப் பூட்டிக்கொண்டு போயிருக்கலாம். கிழவரும் அதைத்தான் சொல்லியிருந்தார்.

ஆனால் அவருக்கு எழுந்திருக்க மனமில்லை. போய் என்ன செய்யப் போகிறார்? மனதில் ஒரு நினைப்பு புகுந்து, முள்ளாய்த் தைத்துக்கொண்டு நின்றது. ஆயிரமாயிரம் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட வாய், கட்டிய மனைவியை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இந்தாம்மா' என்பார். 'ஏய், கேக்குதா' என்பார். ஆஸ்பத்திரியில் கடைசி நாளன்றும், "இந்தாம்மா, கண்ணைத் திற" என்றுதான் சொன்னார். அவள் திறக்கவில்லை. தன்னைத்தான் சொல்கிறார் என்று தெரியாமல் போய்விட்டதோ என்னவோ.

இந்த வராந்தாவில் நின்று கூப்பிட்டால் கேட்கிறதே.

அவர் எழுந்து நின்றார். அவள் பெயரைச் சொன்னார். பெயரோடு, கணவன் பெயர் என்று தன் பெயரையும் சேர்த்தார். வாய்க்குப் பழக்கமில்லாத பெயர், வெட்கமாகக்கூட இருந்தது. பத்து எண்ணினார். இரண்டாம் முறை கூப்பிட்டபோது குரல் உடைந்தது. மூன்றாம் முறை, வயலின் கோடி வரை போகும்படி, முப்பத்து நாலு வருஷக் குரல் மொத்தத்தையும் கொட்டிக் கூப்பிட்டார்.

பத்து எண்ணினார். இருபது எண்ணினார். நூறு எண்ணினார்.

ஒன்றுமில்லை. ஒரு இலைகூட அசையவில்லை.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைப் பூட்டினார். தெருவிளக்குகள் எரியத் தொடங்கிய நேரம். கடைத்தெருவில் யாரோ எவரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள், ரேடியோ பாடியது, எதுவும் அவர் காதில் ஏறவில்லை. செத்துப்போனவளைக் கூவிக் கூப்பிட்ட கிழட்டு மடையன் என்று தன்னையே திட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

காலையில் போட்டுவிட்டுப் போன பூட்டு அப்படியே தொங்கியது. சாவியைப் போட்டுத் திறந்து, பூட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தள்ளினார்.

கதவு அசையவில்லை.

தோளைக் கொடுத்து இன்னொரு தடவை தள்ளினார்.

உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.