கீழ்வீட்டில் ஓடும் வேலை

யாரும் எதுவும் கேட்காமலே கன்சோல் தட்டச்சுப்பொறி ஒரு வரி அடித்துவிட்டு நின்றது.

பாஸ்கல் அப்போது அறையின் மறுகோடியில் பழைய டிஸ்க் பேக்கை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தான். இயந்திரத்தின் நெற்றியில் இரண்டு வரிசை விளக்குகள். மேல் வரிசை சுறுசுறுப்பாக மின்னியது. சற்று முன் அவன் ஏற்றிய புது சிஸ்டம் அது. கீழ் வரிசை இருண்டு கிடக்க வேண்டும். அதில் ஒரே ஒரு விளக்கு மட்டும், அணைக்க மறந்த அடுப்புக் கங்கு போல, எரிந்துகொண்டிருந்தது.

தாளில் ஆங்கிலத்தில் இருந்தது: கீழ்ப்பாதியில் ஒரு வேலை ஓடுகிறது. பதில் தேவை.

ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து ஊரே மீன் வாங்கப் போயிருந்தது. ஜன்னல் இல்லாத அந்த அறையில் வெயிலும் இல்லை, நேரமும் இல்லை. ஏசியின் இரைச்சல், சூடான ஒயரின் வாடை, காலுக்குக் கீழே பொய்த்தரைப் பலகைகளின் லேசான அதிர்வு, அவ்வளவுதான்.

உப்பும் சங்கும் ஏற்றுமதி செய்யும் நயினார் அண்ணாச்சி, பம்பாய்க் கம்பெனி ஒன்று ஒதுக்கிய கம்ப்யூட்டரை உடைசல் சரக்கு எடுப்பவர் போலப் பேரம் பேசி எழுபத்தைந்தாம் வருஷம் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார். இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டம்களும் கொசுறாக வந்தன. ஒரே நினைவகத்தை நடுவில் சுவர் வைத்ததுபோலத் தடுத்து, பழையதைக் கீழ்ப்பாதியிலும் புதியதை மேல்பாதியிலும் குடி வைக்கலாம். மேலே இருப்பதற்குக் கீழே ஒன்று இருப்பது தெரியாது. கீழே இருப்பதற்கு மேலே ஒன்று இருப்பது தெரியாது. இயந்திரம் முழுவதும் தானே என்று இரண்டும் நம்பிக்கொண்டிருக்கும். இதை விளக்கியபோது அண்ணாச்சி கண் கலங்காத குறை. உலகத்தில் எந்த வீட்டில் குடித்தனக்காரர்கள் இவ்வளவு சண்டையில்லாமல் இருந்திருக்கிறார்கள்?

அன்று முதல் அவருக்கு அவை மேல்வீடும் கீழ்வீடும்தான்.

கதவு திறந்தது. அவரே வந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

“ஏலே பாஸ்கல், கீழ்வீடு காலியா?”

“ஒரு வேல கெடக்கு அண்ணாச்சி. வில்பிரட் போட்டது.”

“கரண்டு எத்தன மட்டம் போய் வந்திருக்கு. இன்னுமா கெடக்கு?”

“இதோட ஞாபகம் காந்த வளையத்துல இருக்கு அண்ணாச்சி. கரண்டு போனாலும் மறக்காது.”

“ஆளு போனாலும் மறக்காது போல.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். “மனசுல வச்சுக்காதடே. உம் மச்சாங்கிறத மறந்து சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில மிஷின வாடகைக்குக் கேட்ட விருதுநகர்க்காரரு வாராரு, அவுக சிஸ்டத்தக் கீழ்வீட்டுல ஏத்தணும். கலைச்சிரு.”

“என்ன வேலன்னு பாத்துட்டுக் கலைக்கேன்.”

“பாரு. எந்தப் பாஷையில பாப்ப? கோபோலா, மத்ததா?”

“கோபோலுக்குச் சுவருக்கு அங்கிட்டுக் கை எட்டாது. அசெம்ப்ளர்லதான் எட்டிப் பாக்கணும்.”

“வேலைக்கு ஆளு வைக்கும்போது கோபோல்தான் லேசுன்னு சொன்ன. இப்பம் அது குட்டைக் கையின்னு சொல்லுத. நல்லா ஏவாரம் பண்ணுதடே!” சிரித்துக்கொண்டே கிளம்பினார். வாசலில் நின்றார். “உச்சி நேரத்துல தனியாக் கெடக்காத. சீக்கிரம் வீட்டுக்குப் போ. அந்தப் புள்ள காத்துக்கிட்டிருக்கும்.”

கதவு மூடிக்கொண்டது.

அந்தப் புள்ள ஞானசௌந்தரி. பாஸ்கலின் மனைவி, அவனோடு இதே அறையில் ஆப்பரேட்டராக இருந்த வில்பிரட்டின் தங்கை. அவள் காத்துக்கொண்டிருந்தது பாஸ்கலுக்காக அல்ல. நாலு மாதமாக இரவுச் சாப்பாட்டில் அண்ணனுக்கு ஒரு தட்டு வைத்துவிட்டு, கணவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கேட்க மாட்டாள். கேட்டுத் தொலைத்தால் நன்றாக இருக்கும்.

நாலு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மச்சான்கள் இருவரும் வள்ளம் எடுத்துக்கொண்டு முயல் தீவுக்கு அப்பால் போனார்கள். அப்பன் காலத்துக் கல்லையும் கயிற்றையும் எடுத்துப் போய்ச் சங்கு குளித்துப் பார்ப்பதாக விளையாட்டு. ஆப்பரேட்டர் உத்தியோகம் பார்க்கிற கையில் இன்னும் கடல் இருக்கிறதா என்று பார்க்கிற வீம்பு. பாஸ்கல் மட்டும் திரும்பி வந்தான். தருவைகுளம் வரை வலை போட்டுத் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. குளித்தது வில்பிரட், கயிறு என் கையில் இருந்தது, நழுவிவிட்டது என்று போலீசிடம் பாஸ்கல் சொன்னான். பங்குச் சாமியாரிடம் சொன்னான். சொல்லச் சொல்ல அதுவே நினைவாகிவிட்டது.

தட்டச்சு மறுபடி அடித்தது. அதே வரி.

அவன் அசெம்ப்ளரில் சின்ன நிரல் ஒன்றை எழுதி, அட்டைகளைத் துளையிட்டான். சுவரில் ஓட்டை போடுகிற நிரல். வில்பிரட்டுக்குப் பிடித்த மொழி இது. கோபோலை ‘வக்கீல் நோட்டீஸ்’ என்று கேலி பண்ணுவான். இதை எழுதினால் முடிச்சுப் போடுகிற மாதிரி இருக்கிறது மச்சான் என்பான்.

அட்டைகளை உள்ளே கொடுத்தபோது கதவைத் தட்டிவிட்டு, பெருக்கும் தங்கத்தாய் எட்டிப் பார்த்தாள்.

“சாரே, ஏசித் தண்ணி வெளிய வரைக்கும் வந்துட்டு. இங்கன பாருங்க.”

கதவடியில் தண்ணீர். மெல்லிய நாக்காக நீண்டிருந்தது.

“தொடைச்சிரு.”

“மூணு மட்டம் தொடைச்சுட்டேன். ஏசித் தண்ணி இப்படியா பிசுபிசுங்கும்?” விரலை முகர்ந்து பார்த்தாள். முகம் மாறியது. “கடத்தண்ணி மாதிரில்லா வாடை அடிக்கு. நான் சாப்பிட்டுட்டு வந்து பாக்கேன் சாரே.” வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். போன வேகம் பசித்தவளின் வேகமாக இல்லை.

பிரிண்டர் இரைந்து ஓய்ந்தது. பாஸ்கல் தாளைக் கிழித்துப் படித்தான். கீழ்ப்பாதி முழுவதும் வெறும் பூஜ்யம், ஓரிடத்தைத் தவிர. அங்கே இருபது வரியில் ஒரு நிரல். அது எதையும் கூட்டவில்லை, எழுதவில்லை, படிக்கவில்லை. காத்திருந்தது. காத்திருந்து, மேலே ஒரு தட்டுத் தட்டி, மறுபடி காத்திருந்தது. தொடங்கியவர்: வில்பிரட். தொடங்கிய நாளைப் பார்த்தான். இரண்டாம் முறை பார்த்தான்.

வில்பிரட் காணாமல் போன சனிக்கிழமைக்கு மறுநாள்.

தட்டச்சு அடித்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மறுபடி அடித்தது. எண்பது விநாடி. மறுபடி. எண்பது. எந்த இயந்திரக் கணக்குக்கும் பொருந்தாத எண்பது. ஆனால் அந்த எண்ணை அவன் நெஞ்சு அறிந்திருந்தது. நல்ல குளியாள் ஒருவன் அடியில் மூச்சுப் பிடிக்கும் நேரம். அதன் முடிவில் கயிற்றில் ஒரு சுண்டு. ஒரு சுண்டு என்றால் தூக்கு என்று அர்த்தம்.

வேறு எந்த ஊர் ஆப்பரேட்டராக இருந்தாலும் பழைய நிரல் என்று சொல்லிக் கலைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பான். பாஸ்கல் முத்துக்குளித்த குடும்பத்தில் பிறந்தவன். கயிறு சுண்டினால் அந்தக் கைகளுக்கு யோசிக்கத் தெரியாது.

‘தூக்கு’ என்று பதில் அடித்தான்.

காலடியில் ஏதோ முட்டியது.

பொய்த்தரைக்குக் கீழே, கேபிள்கள் ஓடும் ஒன்றரை அடிப் பள்ளத்தில், கனமாக, மெதுவாக. பலகைகளின் இடுக்கில் தண்ணீர் கசிந்தது. பாசி வாடை, ஈரக் கயிற்றின் வாடை, சங்கின் சதை அழுகும் வாடை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வந்து ஒயர் வாடையை அமுக்கின. அவன் பலகை தூக்கும் ரப்பர்ப் பிடியை எடுத்து வந்து, மண்டியிட்டு, ஒரு பலகையைப் பெயர்த்தான். கருந்தண்ணீர் விளிம்பு வரை நின்றது. கேபிள்கள் எல்லாம் தளர்ந்து மிதந்தன. ஒன்று மட்டும் விறைத்து, நேராக, ஆழத்துக்குள் இறங்கியிருந்தது.

ஒன்றரை அடிப் பள்ளத்தில் ஆழம் எங்கிருந்து வந்தது?

பிடித்தான். இழுத்தான். மறுமுனையில் கனம் இருந்தது. உயிருள்ள கனம்.

“மச்சான்,” என்றான். “மச்சான், நான்தான்.”

இழுத்தான். வந்தது. ஒரு முழம். இரண்டு முழம். ஞானசௌந்தரியின் தட்டு நினைவுக்கு வந்தது. அண்ணனைக் கொண்டுபோய் அவள் முன்னால் நிறுத்திவிட்டால் அந்தப் பார்வை முடிந்துவிடும். மூன்று முழம். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. நாலு மாதம். நாலு மாதம் தண்ணீரில் கிடந்தது எப்படி இருக்கும்? மீன்கள் முதலில் எதைத் தின்னும்? எது மேலே வரும்?

கேபிள் சுண்டியது. அவன் கையிலேயே. வெட்டி இழுத்தது.

விட்டான். பின்னால் நகர்ந்தான். வழுக்கி விழுந்தான். எழுந்து கன்சோலுக்கு ஓடினான். வேண்டாம். வர வேண்டாம். ‘கலை’ என்று அடித்தான். உறுதிதானா என்று கேட்டது. உறுதி. அடித்தான்.

கீழ் வரிசை விளக்கு அணைந்தது.

அமைதி. ஏசி கூட நின்றிருந்தது.

தட்டச்சு, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, முடிந்த வேலையின் முழு விவரத்தையும் அடித்தது. கயிறு பிடித்தவர்: வில்பிரட். அடியில் இருப்பவர்: பாஸ்கல். பிடித்திருந்த காலம்: நாலு மாதம். முடிவு: அடியில் இருப்பவரின் உத்தரவுப்படி விடப்பட்டது.

மறுபடி படித்தான்.

குளியாளின் கயிறு அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் கையில்தான் இருக்கும். கடற்கரையில் இது பிள்ளைக்கும் தெரியும். தங்கச்சி தாலி அறுந்துவிடக் கூடாதே என்று பயப்படுகிறவன் கண்ணசர மாட்டான். அதைவிட நல்ல இன்சூரன்ஸ் எவனும் விற்றதில்லை. ஞானசௌந்தரிக்குக் கூடப்பிறந்தவன் யார்? வில்பிரட். கயிறு யார் கையில் இருந்திருக்க முடியும்? அன்றைக்குக் கல்லில் கால் வைத்து இறங்கியது நினைவிருந்தது. தண்ணீரின் பச்சை நினைவிருந்தது. வள்ளத்தில் திரும்ப ஏறியது? தேடினான். அந்த இடத்தில் வெறும் பூஜ்யம்.

தரையின் திறப்பிலிருந்து வெளிச்சம் வந்தது.

தவழ்ந்து போய் எட்டிப் பார்த்தான். கருந்தண்ணீர் தெளிந்திருந்தது. வெகு கீழே வானம். அப்பட்டமான உச்சிவெயில். வள்ளத்தின் அடிப்பலகை. அதன் விளிம்பில் குனிந்து வில்பிரட், தாடி வளர்ந்து, உள்ளங்கை இரண்டும் கிழிந்து, தளர்ந்துபோன கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் திறந்து திறந்து மூடியது. பக்கத்தில் ஞானசௌந்தரி. அவள் கத்தவில்லை. தண்ணீரைப் பார்த்தாள், தினமும் பார்க்கும் அதே பார்வை. பிறகு அண்ணனின் தோளைத் தொட்டாள். அவன் துடுப்பை எடுத்தான்.

“மச்சான்!”

சத்தம் வரவில்லை. பாஸ்கலின் வாயிலிருந்து ஒரு குமிழிதான் வந்தது. அது அவன் கண்முன் ஒரு கணம் நடுங்கி நின்றது. பிறகு தரையின் திறப்புக்குள் நுழைந்து, கீழ்நோக்கி, அந்த வெயிலை நோக்கி, ஏறிக்கொண்டே போனது.