தம்பிக்கு எந்த அறை?

அம்மா வேலை பார்க்கும் கல்லூரியில் உளவியலுக்கென்று தனிக் கட்டடம் உண்டு. அம்மாவுக்கு வாசல் பக்கத்து வரவேற்பு மேசை. பள்ளி விட்டதும் நானும் தம்பியும் அங்கே போய் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவோம்.

முன்பெல்லாம் தம்பி வாய் ஓயாமல் பேசுவான். அப்பா அவனுக்கு 'தொணதொணப்பு' என்றே பேர் வைத்திருந்தார். போன மழைக்காலத்தில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பிய அப்பாவின் வண்டி வழுக்கி விழுந்தது. அப்பா இறந்துபோனார். அன்றிலிருந்து தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை.

'மனசைப் பத்திப் படிக்கிறவங்க இங்கே இத்தனை பேர் இருக்காங்க. தம்பியைப் பேச வைக்க ஒருத்தருக்குக்கூடவா தெரியாது?' என்று நினைத்து, முதல் கதவைத் தட்டினேன்.

உள்ளே ஓர் அக்கா எலிக்குக் கடலை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எலி எப்படிக் கத்துக்குதுன்னு பார்க்கிறதுதான் என் வேலை. ஒரு இடத்துல பயந்துட்டா, அந்தப் பக்கமே அது தலை வச்சுப் படுக்காது."

"என் தம்பி எலி இல்லையே அக்கா."

"அதனாலதான் அடுத்த ரூமைக் கேளுன்னு சொல்றேன்."

அடுத்த அறையில் ஒரு கண்ணாடிக்காரர். கூட்டத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராய்பவர்.

"நாலு பேர் சிரிச்சா, விஷயம் தெரியாத அஞ்சாவது ஆளும் சிரிப்பார். கவனிச்சிருக்கியா?"

"எங்க வீட்ல யாருமே சிரிக்கிறதில்லை சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாவது கதவு பூட்டியிருந்தது. மனம் நொந்தவர்களுக்குச் சிகிச்சை தரும் டாக்டரம்மா அடுத்த வாரம்தான் வருவாராம். தம்பிக்காக அம்மா ஏற்கெனவே நேரம் கேட்டு வைத்திருந்தார்.

கடைசி அறை முழுக்கப் பொம்மைகள். குழந்தைகளின் யோசனை எப்படி வளர்கிறது என்று படிக்கும் டீச்சர் அவற்றை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பிக்கு என்ன வயசு?"

"அஞ்சு."

"அந்த வயசுல, தான் சொன்னதாலதான் எல்லாம் நடக்குதுன்னு சில குழந்தைங்க நம்பிடுவாங்க. பொம்மையைத் திட்டின அன்னிக்கே அது உடைஞ்சா, நம்ம வாய்தான் உடைச்சதுன்னு பயப்படுவாங்க."

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. விபத்து நடந்த அன்று காலை அப்பா தம்பியை வண்டியில் ஒரு ரவுண்டு கூட்டிப் போகவில்லை. அந்தக் கோபத்தில் தம்பி கத்தியிருந்தான்: "போ! வராதே!"

ஓடிப்போய் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"மழையே, நில்லு!" என்று கத்தினேன். நிற்கவில்லை. "ஃபேனே, நில்லு!" அதுவும் சட்டை செய்யவில்லை.

தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"பார்த்தியா? சொன்னா மட்டும் எதுவும் நடக்காது. இப்ப என்னைப் பார்த்துச் சொல்லு. போ, வராதேன்னு."

பயந்து என் வாயைப் பொத்தினான். நான் அப்படியே காத்திருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்து, கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"போ... வராதே."

எழுந்து, கண்ணாடிக் கதவைத் திறந்து, மழைக்குள் போய் நின்றேன். உள்ளே அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. உடனே திரும்பி வந்தேன். அவன் என் ஈரச் சட்டையைத் தொட்டுப் பார்த்தான்.

"அப்பா?"

"அப்பா வரமாட்டார்டா. ஆனா நீ சொன்னதால இல்ல. வண்டி வழுக்கிடுச்சு. அவ்வளவுதான்."

தம்பி ஓவென்று அழுதான். அப்பா போனதிலிருந்து அவன் அழவும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா மேசையை விட்டு ஓடிவந்து எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். மூன்று பேருமே அழுதோம்.

மறுநாள் காலையும் மழைதான். அம்மா குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். யாராவது வெளியே கிளம்பினாலே கட்டிலடியில் ஒளிந்துகொள்ளும் தம்பி, வாசல்வரை வந்து நின்றான்.

"அம்மா, போயிட்டு வா" என்றான்.